மேட்டாங்காட்டில் கொழுக்கட்டைப் புல்

எங்கள் காடு சேலம் மாவட்டத்தில் மேச்சேரிக்கும் நங்கவள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஏக்கர், முழுக்க மானாவாரி. மேலே செம்மண், ஒரு அடி தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், தட்டும். முன்பெல்லாம் கடலையும் சோளமும் போட்டோம். மழை பொய்த்த வருஷங்களில் விதைக்குப் போட்ட கடலைகூட வீடு திரும்பவில்லை. வீட்டுக்காரர் தறி பார்க்கிறார். ஆடு என் பொறுப்பு, அத்தை கூடமாட நிற்பார். 14 உருப்படி, எல்லாம் மேச்சேரி ஆடுகள். கம்பளி கிடையாது, கறிக்கும் தோலுக்கும் பேர் போன இனம். இந்த ஆட்டுக்கென்றே பக்கத்தில் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவ்வளவு நல்ல ஆட்டை வைத்துக்கொண்டு மாசி பிறந்ததும் சோளத்தட்டுக்கு ஊர் ஊராக அலைவது எனக்குப் பொறுக்கவில்லை. காட்டிலேயே புல் வளர்த்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் நட்டது கம்பு நேப்பியர், கோ 4 ரகம். 2021 புரட்டாசியில் தண்டுக் கரணை வாங்கி வந்து போர்வெல் பக்கத்தில் 10 சென்டில் இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றினோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகம். தண்ணீரும் உரமும் சரியாகக் கொடுத்தால் ஹெக்டேருக்கு வருஷத்தில் 350 டன்னுக்கு மேல் பச்சைத் தீவனம் தரும். எங்களுக்கும் தை வரை குறையே வைக்கவில்லை. ஒவ்வொரு தூரும் இடுப்பளவு நின்றது, அறுக்க அறுக்கத் துளிர்த்தது. மாசியில் போர்த் தண்ணீர் இறங்கியது. வாரம் ஒருமுறை பாய்ச்சியது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. பங்குனியில் இலை சுருண்டது. சித்திரை முடிவதற்குள் பாதித் தூர் கட்டையாகிவிட்டது. அந்தப் புல்லைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கிற பயிரைத் தண்ணீர் இல்லாத காட்டில் வைத்தது என் தேர்வு.

கருகின தூர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றைக்கு அத்தை என்னை மேற்கு வரப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பாறை ஓரம், கல் இடுக்கில், புல் தூர் ஒன்று நின்றது. இலை நுனி காய்ந்திருந்தது. அடித்தண்டு மட்டும் பச்சை.

“ஏம்மா, இதப் பாரு. இதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?” என்றார்.

கொழுக்கட்டைப் புல். சின்ன வயதிலிருந்து பார்க்கிற புல்தான். அணில்வால் மாதிரி கதிர், தொட்டால் மெத்தென்று இருக்கும், நடந்தால் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும். கடப்பாரை போட்டு ஒரு தூரை நெம்பிப் பார்த்தேன். இரண்டடி தோண்டியும் வேரின் முடிவு தெரியவில்லை. சுக்கான் கல்லுக்கு நடுவே விரிசல் தேடிப் பிடித்து வேர் கீழே போயிருந்தது. அடித்தண்டு கடினமாக, கணு கணுவாக, கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே ஈரம்.

அப்புறம்தான் புல்லைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். அருகு, கொழுக்கட்டை, கினியா, நேப்பியர் எல்லாமே சோளம், கம்பு, கரும்பு இவற்றின் கூட்டம். நெல்லும் கோதுமையும் வேறு கூட்டம். முதல் கூட்டத்துப் பயிர்கள் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை முதலில் ஒரு இடத்தில் பிடித்துச் சேர்த்து, பிறகு உள்ளறைக்கு அனுப்பிச் சர்க்கரையாக்குகின்றன. அதனால் இலைத் துளைகளை அகலமாகத் திறந்து வைக்கத் தேவையில்லை. குடிக்கிற தண்ணீருக்கு விளைச்சல் கூடுதல். 30, 35 டிகிரி வெயிலில்தான் இவற்றுக்கு உற்சாகம். இரவுக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மந்தமாகிவிடும். ஆனால் வெயில் தாங்குவது வேறு, தண்ணீர் இல்லாமல் தாங்குவது வேறு. நேப்பியர் வெயிலைத் தாங்கும். தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு, மழை விழுந்ததும் எழுந்து வருவது கொழுக்கட்டைக்குத்தான் வரும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலிக்குள்ளே, வெள்வேல மரத்தடியில், தலைமுறை தலைமுறையாக மாடு மேய்வது இந்தப் புல்லில்தான்.

வேறு புற்களையும் யோசிக்காமல் இல்லை. கினியா தென்னை நிழலில் நன்றாக வரும், எங்களிடம் தென்னையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஊசிப்புல் தானாகவே வளர்கிறது, ஆனால் காய்ந்ததும் அதன் ஊசி ஆட்டின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தோலுக்குப் பேர்போன ஆட்டை அதில் விட மனசு வருமா? அருகு ஆட்டுக்கு இஷ்டம், ஆனால் எங்கள் காட்டில் தரையோடு தரையாகத்தான் கிடக்கும், வயிறு நிறையாது.

கொழுக்கட்டை என்று முடிவானது. 2022 ஆவணியில் ஒருவரிடம் நான்கு கிலோ விதை வாங்கினேன். “இப்பத்தான் உருவுனது, புத்தம் புதுசு” என்று சொல்லித்தான் கொடுத்தார். கையில் வாங்கும்போது பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. புரட்டாசி முதல் மழைக்கு 50 சென்டில் இரண்டு கிலோவைத் தூவினேன். பத்து நாள் பார்த்தேன், பதினைந்து நாள் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது, மற்ற இடமெல்லாம் பார்த்தீனியக் களை. விற்றவர் பதர் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அது தப்பு.

மிச்சமிருந்த விதையில் நூறு எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் சுருட்டிவைத்துப் பார்த்தேன். 14 நாளில் 9 முளைத்தன. முளைக்காததை எடுத்து விரலிடையில் தேய்த்தால் பஞ்சு கழன்று, உள்ளே கேழ்வரகைவிடச் சிறிய மணி தட்டுப்பட்டது. மணி இருக்கிறது, முளைக்கத்தான் மாட்டேன் என்கிறது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. உருவியதும் விதைத்தால் பெரும்பாலும் முளைக்காது. ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்த இடத்தில் கிடக்க வேண்டும். கடலை விதைக்குப் புதுசு நல்லது, இதற்குப் பழசுதான் நல்லது. மிச்ச இரண்டு கிலோவைச் சாக்கில் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டேன். விற்றவரையும் பிறகு சந்தையில் பார்த்துப் பேசினேன். அவருக்கும் இந்தச் சேதி தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் அதே மூட்டையிலிருந்து மறுபடி நூறு விதை. இந்தத் தடவை 43 முளைத்தன. இந்தப் புல்லுக்கு இது நல்ல கணக்குதான். யார் விதை கொடுத்தாலும் சரி, இந்தச் சாக்குச் சோதனையைச் செய்யாமல் காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

2023 புரட்டாசியில் இரண்டாவது விதைப்பு. ஆடியில் ஒரு உழவு, புரட்டாசி மழை ஈரத்தில் இன்னொரு உழவு. இடையில் முளைத்த களையெல்லாம் இரண்டாவது உழவில் மடிந்தது. இந்த ஒரு வேலை, பிறகு எத்தனையோ நாள் களைக்கூலியை மிச்சப்படுத்தியது. பஞ்சு விதையை அப்படியே வீசினால் காற்று பக்கத்துக் காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முதல் தடவை கொஞ்சம் அப்படியும் போயிருக்கும். இந்தத் தடவை ஒரு பங்கு விதை, மூன்று பங்கு சலித்த செம்மண், ஒரு பங்கு காய்ந்த சாணத்தூள் எடுத்து முறத்தில் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உருட்டினோம். அத்தைக்கு அது கை வந்த வேலை. முறத்தை அவர் ஆட்ட ஆட்ட, பஞ்சு அடங்கி மிளகு அளவில் உருண்டைகள் திரண்டன. தண்ணீர் ஒரு கை கூடினால் களியாகிவிடுகிறது, குறைந்தால் பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது. முறத்தில் ஒட்டாமல் உருள்கிற பதம்தான் பதம். நிழலில் ஒரு நாள் உலர்த்தி எடுத்துக்கொண்டோம்.

ஏக்கருக்கு மூன்று கிலோ வரை விதை போதும் என்பது கணக்கு. எங்கள் விதையில் பாதிக்கு மேல் முளைக்காது என்று தெரிந்ததால் 50 சென்டுக்கு இரண்டு கிலோவையும் போட்டுவிட்டேன். விதை ஆழமாகப் போகக்கூடாது. அரை விரற்கடைக்குக் கீழே போனால் மேலே வரத் தெம்பு இருக்காது. அதனால் தூவிவிட்டு உழவில்லை. வெள்வேல முள்கிளை இரண்டை வெட்டி, மேலே ஒரு கல்லைக் கட்டி, இழுத்துக்கொண்டே காட்டைச் சுற்றினேன். மண் கலைந்து விதையை லேசாக மூடியது. முள் இழுக்கும்போது கை கிழிந்ததைப் பார்த்து, “கயிறு நீளமாக் கட்ட வேண்டாமா?” என்று அத்தை கடிந்துகொண்டார். சரிதான், ஆறடிக் கயிறாவது வேண்டும்.

வரப்போரத்துக்கு விதை போடவில்லை. பாறைப் பக்கத்துத் தூர்களை நெம்பி, ஐந்தாறு தண்டு ஒரு கற்றையாகப் பிரித்து, மேலே ஒரு சாண் விட்டு இலையை நறுக்கி, வேரையும் கொஞ்சம் நறுக்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக மழை ஈரத்தில் நட்டோம். சுமார் 200 கற்றை. அவற்றில் பத்துக்கு எட்டு பிழைத்தன. விதைக்குக் காத்திருக்க முடியாதவர்கள், சின்ன இடம் வைத்திருப்பவர்கள் தூர் பிரித்தே நடலாம். இடுப்பு வலி நிச்சயம், பலனும் நிச்சயம்.

எட்டாம் நாள் முளை தெரிந்தது. 25-ஆம் நாள் கைக்களை. எது புல், எது களை என்று குழம்பிய இடத்தில் வரப்பில் தானாக முளைத்த ஒரு நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். கூடவே முயல் மசால் விதையும் போட்டோம், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு. அது பயறு இனம், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், வெறும் புல்லைவிட ஆட்டுக்குச் சத்தும் கூடுதல். அதன் விதைத்தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் சில நிமிடம் போட்டு வடித்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் பாதி விதை உப்பியிருந்தது. உப்பாததை மறுபடி அதே மாதிரி செய்தேன்.

கார்த்திகையில் பார்க்க வேண்டுமே அந்தக் காட்டை! முழங்கால் உயரம், நீலம் கலந்த பச்சை, காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. விதைத்து அறுபது நாள்கூட ஆகவில்லை. நான் ஒரு கல்யாணத்துக்கு ஓமலூர் போயிருந்தேன். படல் சரியாகக் கட்டவில்லை, ஆடு உள்ளே புகுந்துவிட்டது. ஒரு மதியம்தான் மேய்ந்தது. கடித்துத் தின்றிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆடு கடித்து இழுத்த இழுப்பில் நாற்று வேரோடு வந்திருந்தது. கிழக்கு மூலையில் பத்து சென்ட் அளவுக்கு, பிடுங்கிப் போட்ட வெங்காயத் தாள் மாதிரி புல் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். காட்டின் நாலைந்து இடத்தில் புல்லை ஒரு கைப்பிடி பிடித்து, ஆடு இழுப்பது போலச் சுருக்கென்று இழுப்பேன். இலை அறுந்து கையோடு வந்தால் வேர் பிடித்துவிட்டது. ஒரு தூர் பெயர்ந்தாலும் ஆட்டை விடக்கூடாது. முதல் வருஷம் முழுக்க ஆட்டை உள்ளே விடவே இல்லை. 75-ஆம் நாள் அரிவாளால் அறுத்து வெளியே கொண்டுவந்து போட்டோம், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேலே விட்டுத்தான் அறுத்தோம். ஒட்ட அறுத்தால் அடியில் இருக்கிற துளிர்ப்பும் போய்விடும். இரண்டாம் அறுப்போடு நிறுத்தி, மிச்சத்தைக் கதிர் தள்ளி விதை கொட்டவிட்டோம். பொட்டலாகிப் போன கிழக்கு மூலையை அந்த விதைதான் அடுத்த வருஷம் மூடியது.

முதல் வருஷம் காட்டைப் பூட்டி வைப்பதுதான் இதில் பெரிய கஷ்டம். கண்ணெதிரே புல் நிற்கும், ஆடு படலோரம் நின்று கத்தும், நாம் காசு கொடுத்துத் தட்டு வாங்கிக்கொண்டிருப்போம். வீட்டில் சண்டையே வந்தது. “புல்லு ஆட்டுக்கா, அழகு பாக்கவா?” என்று அவர் கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அத்தை என் பக்கம் நின்றார்.

2024 ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. காடு வைக்கோல் நிறமாகிவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன், அடித்தண்டில் ஈரம் இருந்தது. காய்ந்து நிற்கிற புல் தீப்பொறிக்குக் காத்திருப்பது போலத்தான், அதனால் வழித்தடத்தோரம் பத்தடி அகலத்துக்குச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைத்தேன். கோடை மழை இரண்டு விழுந்தது. ஆறாம் நாள் ஒவ்வொரு தூரிலும் பச்சை ஊசி மாதிரி துளிர் வந்திருந்தது. அத்தையைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, குனிந்து ஒரு துளிரைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

இந்தப் புல் விதை ஒரு படி ஏற்காட்டுக்கும் போனது. நாத்தனார் அங்கே காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறாள். “அண்ணி, உங்க புல்லு இங்க வரவே மாட்டேங்குது” என்றாள். வராதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மலையில் மழை அதிகம், புளிப்பு மண், மார்கழிக் குளிர், போதாததற்கு சில்வர் ஓக் நிழல். கொழுக்கட்டைக்குத் தண்ணீர் தேங்கினாலும் பிடிக்காது, புளிப்பு மண்ணும் பிடிக்காது. எங்கள் சுக்கான் மண்தான் அதற்குச் சொர்க்கம். அவள் வீட்டு முற்றத்தில் கிகுயு புல் மெத்தை போலக் கிடக்கிறது. அதுவும் வெயில் காலத்துப் புல்தான், ஆனால் கிழக்கு ஆப்பிரிக்க மலைப் பிரதேசத்திலிருந்து வந்தது, அதனால் மலைக்குளிர் அதற்குப் பழக்கம். அதைக் கீழே கொண்டுவந்து எங்கள் வெயிலில் வைத்தால் அது தவிக்கும்.

வாசல் புல்தரையையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி முடித்ததும் நர்சரியில் மெக்சிகன் புல் கேட்டு, பாய் மாதிரி சுருட்டிய புல் வாங்கி விரித்தோம். ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாகப் போனது. தோண்டிப் பார்த்தால் அடியில் சிமெண்டுக் கட்டியும் உடைந்த செங்கல்லும். வேர் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்கவே இல்லை. அந்தப் புல் மெதுவாக வளரும், அடர்த்தியாக இருக்கும், அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை, ஓரளவு நிழலும் தாங்கும். அதற்குக் கொடுக்க வேண்டிய மண்ணை நாங்கள் கொடுக்கவில்லை.

பிறகு ஒன்பது அங்குலம் கொத்தி, குப்பையைப் பொறுக்கி, தொழு உரம் கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் களை முளைக்கவிட்டுப் பிடுங்கி, சமப்படுத்தினோம். வரப்பு அருகை வேரோடு கொண்டுவந்து, கணு இருக்கும்படி இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கினேன். ஒரு கூடை அருகு, ஒரு கூடை தோட்ட மண், ஒரு கூடை பச்சைச் சாணம், தண்ணீர் விட்டுக் காலால் மிதித்துக் குழைத்து, வாசல் மெழுகுவது போல நனைந்த தரையில் ஒரு அங்குலத்துக்குப் பூசினோம். மேலே வைக்கோலைப் பரப்பிக் காலை மாலை பூவாளியால் தெளித்தேன். பத்து நாளில் கணுவெல்லாம் வேர்விட்டது, இரண்டு மாதத்தில் தரை மூடியது. “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறார்களே, அந்த வேரோட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இப்படிப் பூசிப் பாருங்கள். வேப்பமரத்தடியில் மட்டும் அது வரவில்லை. அருகுக்கு நேர் வெயில் வேண்டும், நிழலில் நூலாக நீண்டு செத்துப்போகும். அந்த இடத்தை வெறும் மண்ணாகவே விட்டுவிட்டோம், இப்போது கயிற்றுக் கட்டில் கிடக்கிறது.

காட்டுக்கு வருகிறேன். 2024 புரட்டாசியில் இழுவைச் சோதனை முடித்து ஆட்டை விட்டோம். 50 சென்டை மீன்வலையால் நான்காகத் தடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம் ஓய்வு. புல் ஒரு சாணுக்குக் கீழே வந்துவிட்டால் வாரம் முடியாவிட்டாலும் ஆட்டை மாற்றிவிடுவேன். பூ எடுக்கும் முன்னே மேய்ந்தால்தான் சத்து, முற்றிய தண்டை ஆடு ஒதுக்கிவிடுகிறது. புரட்டாசி முதல் மார்கழி வரை தட்டு வாங்கவில்லை. தையில் நான்காவது கட்டத்தைப் பூட்டி, நின்றபடியே காயவிட்டு மாசிக்கு வைத்திருக்கிறேன். மாசி பாதிக்கு மேல் அது போதாது, வெளியே தீவனம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். மீதி ஒன்றரை ஏக்கரில் இன்னும் 50 சென்டை இந்தப் புரட்டாசியில் புல்லாக்கப்போகிறேன்.

அதற்கு வேண்டிய விதையை மார்கழிக் கடைசியில் உருவினோம். கதிரை விரலிடையில் பிடித்து மேல்நோக்கி உருவினால், முற்றிய விதை கையோடு வந்துவிடும். வராத கதிரை அப்படியே விட்டுவிட வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் உருவ வேண்டும், மதியத்தில் காற்று கொண்டுபோய்விடும். ஐந்து காலையில் நானும் அத்தையும் இரண்டரைக் கிலோ சேர்த்தோம். சாக்கில் கட்டி, “மார்கழி 2024” என்று சாக்பீஸால் எழுதி, பழைய இடத்திலேயே விட்டத்தில் தொங்குகிறது. நங்கவள்ளியிலிருந்து ஓர் அக்கா போன வாரம் வந்து அரைக் கிலோ கேட்டார். ஆவணியில் வாங்க, நூறு விதை முளைக்கவைத்துக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.